பறைக்குழுவில் வளர்ந்தோர் எய்தும் மகிழ்ச்சி: மெய்ப்பாட்டியல் வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குழுவாக நின்று பறை இசைத்து ஆடும் வளர்ந்தோர் எய்தும் மகிழ்ச்சியின் தன்மையைத் திண்டுக்கல் வட்டாரச் சூழலில் வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை. உடல்கள் ஒரே தாளத்தில் இயங்குவதால் விளையும் இன்பம் என்று மேலைநாட்டு ஆய்வுகள் தரும் விளக்கம் ஓரளவே பொருந்தும் எனவும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகையையும் பெருமிதத்தையும் வேறு பிரித்து அவற்றின் நிலைக்களன்களைக் கூறும் முறை இச்சிக்கலைத் தெளிவுறுத்தும் எனவும் கருதுகிறது. பறையைத் தொடாமலிருக்கும் உரிமை பெற்றவர்க்கே பறை பெருமிதம் தருகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பறை, மெய்ப்பாடு, உவகை, பெருமிதம், இளிவு, திண்டுக்கல், சக்தி கலைக்குழு

சிக்கல்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலைத் தொடரைக் கண்ணெதிரே கொண்டு, சின்னாளபட்டியை ஒட்டி அமைந்தது காந்திகிராமம். டாக்டர் டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோரின் முயற்சியால் 1947இல் தோன்றிய இவ்வறப்பணி நிலையத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் உருவாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. கையால் செய்யும் தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்த ஆதாரக் கல்விக் கொள்கை வேரூன்றிய நிலம் இது. கையுழைப்பு எதுவும் இழிவன்று என்பது அக்கொள்கையின் உயிர்நாடி. ஆயினும் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கையுழைப்பு நெடுங்காலம் இழிவாகவே எண்ணப்பட்டு வந்தது. அது பறையடித்தல்.

இவ்வட்டாரத்தில் பறையொலி கேட்கும் இடங்கள் பல. மாரியம்மன் திருவிழாச் சாட்டின்போது கேட்கும். பேரன் பேத்தி கண்டு நிறைவாழ்வு வாழ்ந்தவர் இறந்த ‘கல்யாணச் சாவு’ வீட்டில் கேட்கும். அரசியல் கட்சி ஊர்வலத்தில் கேட்கும். அண்மைக்காலமாகக் கல்லூரி விழா மேடையிலும், நகரத்து மாலைநேரப் பயிற்சிக் களங்களிலும் கேட்கிறது. கருவி ஒன்றே, அடிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் இந்த இடங்கள் அனைத்திலும் அடிப்பவர் முகம் ஒன்றாக இருப்பதில்லை. பகலெல்லாம் வேறு தொழில் பார்த்துவிட்டு, யாரும் வற்புறுத்தாமல், கூலியும் இல்லாமல், தோளில் பறையை மாட்டிக்கொண்டு விரல் காய்க்கும்வரை அடித்துவிட்டு வியர்வையோடு சிரித்து நிற்பவரைக் காண்கிறோம். சாவு வீட்டு வாசலில் ஓர் ஓரமாக நின்று, நிறுத்தச் சொல்லும்வரை அடித்து, தூக்கி எறியப்பட்ட கூலியைக் குனிந்து எடுப்பவரையும் நம் தலைமுறையே கண்டிருக்கிறது. முன்னவர் எய்தும் மகிழ்ச்சி யாது, பின்னவருக்கு அது கிட்டாமை ஏன் என்பதே இங்கு எழும் வினா. இதனை உளவியலுக்கு மட்டும் உரிய வினாவாக விட்டுவிட இயலாது.

கருவியும் உடலும்

பறையின் கட்டமைப்பை அறியாமல் அது தரும் மகிழ்ச்சியைப் பேச இயலாது. வளைந்த மரத்துண்டுகளை இணைத்து வட்டச் சட்டமாக்கி, அதன் ஒரு பக்கத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை கொண்டு ஒட்டி இழுத்துக் கட்டுவர். மறுபக்கம் திறந்தே இருக்கும். தோல் ஈரம் வாங்கித் தளர்ந்தால் ஒலி மந்தமாகும். ஆகவே ஆட்டத்திற்கு முன் வைக்கோலோ சருகோ கொளுத்தி அந்தத் தீயில் பறையைக் காய்ச்சுவர். இடத்தோளில் மாட்டி உடலோடு அணைத்துப் பிடித்த பறையை இரு குச்சிகளால் இசைப்பர். இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்புக்குச்சி; வலக்கையில் குட்டையும் தடிப்புமான அடிக்குச்சி. இரண்டும் வெவ்வேறு வேலை செய்ய, கால் மூன்றாவது வேலை செய்ய வேண்டும். புதிதாகக் கற்கும் வளர்ந்தவர்க்கு முதலில் தோற்பது கால்தான். கை பிடிபட்டவுடன் கால் நின்றுவிடும். காலை எடுத்து வைத்தால் கை மறந்துபோகும்.

சிறுவர்க்கு இத்தொல்லை குறைவு. வளர்ந்தவரோ தம் கை தம் சொற்படி கேட்கும் என்று நம்பிப் பல்லாண்டு வாழ்ந்தவர். அந்த நம்பிக்கை இங்கே உடைகிறது. பிறர் முன்னிலையில் தவறுவதற்கு நாணும் பருவத்தில் தவறிக்கொண்டே கற்க வேண்டியுள்ளது. பின்னர் ஒருநாள் கையும் காலும் தாமே இசைந்து, எண்ணிக்கை மறைந்து, அருகில் நிற்பவரின் அடியும் தம் அடியும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. அக்கணத்தின் மகிழ்ச்சிக்கு முந்தைய நாணமே உரம் என்று தோன்றுகிறது.

ஒத்தையடி, சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, பாடம் அடி, மருள் அடி, வாழ்த்தடி எனப் பெயர் பெற்ற அடிவகைகள் பல. பெயர்களே நிகழ்விடத்தைச் சொல்லிவிடுகின்றன: சப்பரம் நகர்வதற்கு ஒன்று, சாமி சாட்டுதற்கு ஒன்று, மருள் ஏறுதற்கு ஒன்று. விளம்பமாகத் தொடங்கி, குழுத்தலைவரின் குறிப்பறிந்து விரைவு கூட்டி, உச்சத்தில் அனைவரும் ஒருசேர நிறுத்துவது பொதுவான போக்கு. அந்த நிறுத்தத்தின் பின் வரும் ஒருநொடி அமைதிக்காகவே பலர் ஆடுகின்றனரோ என ஐயுறத் தோன்றும்.

ஒத்திசைவு விளக்கமும் அதன் எல்லையும்

கூட்டாக இயங்கும் உடல்களில் விளையும் எழுச்சியை மேலைநாட்டறிஞர் பலவாறு விளக்கியுள்ளனர். சடங்குக் கூட்டத்தில் தனிமனிதர் தம்மை மறந்து பொங்கும் நிலையை எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட சமயவாழ்வு பற்றிய நூலில் பேசினார். வரலாற்றறிஞர் வில்லியம் மெக்நீல் 1995இல் வெளியிட்ட நூலில், நடனமும் அணிவகுப்பும் மனிதக் குழுக்களைப் பிணைத்த வரலாற்றை ஆராய்ந்தார். ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பாடுதல், ஆடுதல், முரசறைதல் ஆகியவற்றில் தாமே ஈடுபட்டோரின் வலிதாங்கும் எல்லை உயர்வதாகவும், இசையை வெறுமனே கேட்டலில் அவ்விளைவு காணப்படவில்லை எனவும் கூறியது. உடலில் இயல்பாகச் சுரக்கும் வலிநீக்கிப் பொருள்களே இதற்குக் காரணம் என அவர்கள் கருதினர்.

இவ்விளக்கங்கள் பறைக்குழுவுக்குப் பொருந்துவனவே. எனினும் மெக்நீலின் நூல் ஓர் இடர்ப்பாட்டையும் உடன் கொண்டு வருகிறது. இந்த இன்பத்தை அவர் முதன்முதல் உணர்ந்தது 1941இல், அமெரிக்கப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு டெக்சாசில் பயிற்சி பெற்றபோது. விரும்பாமல் செய்த அணிநடையிலும் அவர் உடல் மகிழ்ந்தது. அவ்வாறாயின், ஒத்திசைவின் இன்பத்திற்கு விருப்பம் தேவையில்லை. கட்டளையும் அதனை விளைவிக்கும். சாவு வீட்டு வாசலில் நின்ற பரம்பரைக் கலைஞரும் தம் சுற்றத்தாரோடு அடி சேர்ந்து ஒலித்த கணங்களில் அவ்வின்பத்தை உணர்ந்தே இருப்பர். அதனை மறுப்பது அவர்தம் கலைத்திறனை மறுப்பதாகும். ஆகவே அவருக்குக் கிட்டாதது எது என்பதை ‘ஒத்திசைவு’ என்னும் ஒரே சொல்லால் விளக்க முடியாது. இரண்டு மகிழ்ச்சிகளைப் பிரித்துக் காட்டும் கருவி நமக்குத் தேவைப்படுகிறது. அது நம் இலக்கணத்திலேயே உள்ளது.

உவகையும் பெருமிதமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன களன்கள். பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. அழுகைக்குரிய நான்கனுள் முதலாவது இளிவு. அதாவது பிறரால் இகழப்படுதல்.

பறைக்குழுவின் மகிழ்ச்சியை உவகையின்பாற் படுத்துவது எளிது. விளையாட்டு என்பதற்குப் பேராசிரியர் யாறும் குளமும் காவும் ஆடித் தம் பதி கடந்து செல்லுதலை எடுத்துக்காட்டுவார். ஊர்விட்டு ஊர் சென்று ஆடும் குழுவினர்க்கு அது நேராகவே பொருந்தும். புலன் என்பதைக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை என அவர் கொள்வதும் கற்றுத் தேர்ந்த கையின் களிப்பிற்கு இசையும். இவற்றுள் எதுவும் ஒருவரின் சமூகநிலையைக் கேட்பதில்லை. மெக்நீலின் அணிநடை இன்பமும் இவ்வகையினதே.

பெருமிதத்தின் நிலை வேறு. இசைமை என்னும் களன் புகழ்மை எனவும் பாடம் கொள்ளப்படும். எத்துணை இன்பமும் பொருளும் வருவதாயினும் பழியோடு வருவதைச் செய்யாமையே அது எனப் பேராசிரியர் கருத்துரைப்பார். இவ்வுரை நம் சிக்கலின் மையத்தைத் தொடுகிறது. செய்யாமையை, அதாவது மறுத்தலை, பெருமிதத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக வைக்கிறது அது. மறுக்க இயலாதவனிடம் உவகை பிறக்கலாம், பெருமிதம் பிறவாது. தறுகண் என்னும் அஞ்சாமையும் அவ்வாறே தெரிவுக்கு இடமுள்ளவிடத்துத் தோன்றுவது. ஊர்க்கட்டுப்பாட்டிற்கு அஞ்சி அடித்தவர் எவ்வளவு திறம்பட அடித்தாலும், அத்திறமை அவருக்குக் கல்வியாக எண்ணப்படவில்லை. ‘பிறவித் தொழில்’ எனக் கழிக்கப்பட்டது. கொடையும் அவருடையதாக இல்லை. அவர் கொடுத்த இசையைக் கொடை என்று எவரும் ஏற்கவில்லை, கடமை என்றே எடுத்துக்கொண்டனர். நான்கு களன்களும் ஒருங்கே அடைபட்ட நிலை இது. எஞ்சியது இளிவு.

இசை என்னும் சொல் ஓசையையும் புகழையும் ஒருங்கே குறிப்பது நோக்கத்தக்கது. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களையும் வெவ்வேறு மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது நம் சமூகம்.

பழைய மதிப்பு, பிற்கால இழிவு

இவ்விளிவு கருவியின் இயல்பில் உள்ளதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் பறையை வைத்தார். திணைதோறும் அதற்கொரு பறை உரியதாயிற்று. மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறப்புடைய குடிகளுள் எண்ணுகிறது. பக்குடுக்கை நன்கணியாரின் 194ஆம் பாடலில் ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒரே பொழுதில் ஒலிக்கின்றன. இறப்பின் ஒலி என்பதற்காக அங்கே நெய்தற்பறை இகழப்படவில்லை. திருப்பாவையில் ஆய்ச்சியர் வேண்டிப் பெற விழைவது பறை; வைணவ உரையாசிரியர்கள் அதனைத் திருமாலுக்குச் செய்யும் தொண்டாகவே பொருள்கொண்டனர். மார்கழி தோறும் அச்சொல்லைப் பக்தியோடு ஓதிய ஊர்களே, அக்கருவியைத் தொட்டவரைத் தெருவுக்குள் விடாமலும் இருந்தன. இதைவிடப் பெரிய முரணைச் சொற்பொருள் வரலாற்றில் காண்பது அரிது.

தென்மாவட்டங்களில் பெருவழக்காயுள்ள ‘தப்பு’ என்னும் பெயரும் கருதத்தக்கது. தப்புதல் என்னும் வினைக்கு அடித்தல் என்ற பொருள் உண்டு; எனினும் தவறு என்னும் பொருளே இன்று முன்னிற்கிறது. ஆகவே இன்றைய குழுக்கள் பல ‘பறை’ என்றே வழங்க விழைகின்றன. பறைதல் என்பது சொல்லுதல். தவறு என்று ஒலிக்கும் பெயரை விடுத்துச் சொல் என்று ஒலிக்கும் பெயரைத் தெரிந்துகொள்வதும் ஒரு மறுப்புத்தான்.

20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தனர். அதற்காக ஊர்விலக்கத்தையும் தாக்குதலையும் ஏற்றனர். தன்மதிப்பின் பொருட்டுக் கருவியை நிலையாகக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு. கருவியை மீட்டெடுத்துக் கலையாக்க வேண்டும் என்றோரும் உண்டு. முனைவர் கே. ஏ. குணசேகரன் போன்றோர் நாட்டுப்புற இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் கொண்டுவந்தது இவ்விரண்டாம் நெறியில். இவ்விரு நெறிகளும் எதிரெதிரானவை என்பது பொதுக்கருத்து. இக்கட்டுரையாளர்க்கு அது உடன்பாடன்று. கைவிட்டவர்கள் மறுக்கும் உரிமையை ஈட்டித் தந்தனர்; அதன்மேல் நின்றே பின்னவர் பறையைப் பெருமிதத்தோடு ஏந்த முடிந்தது. எறிந்தவர்க்கு ஏந்தியவர் கடன்பட்டிருக்கிறார்.

சக்தி கலைக்குழு

இக்கருதுகோளைச் சோதிக்கத் திண்டுக்கல் நகரே ஒரு களத்தைத் தருகிறது. 1990இல் அருள்சகோதரி சந்திராவின் முன்னெடுப்பில் இங்குத் தோன்றியது சக்தி நாட்டுப்புறக் கலை மையம். தலித் இளம்பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சமூக விழிப்புணர்வும் அளித்து, அவற்றோடு பறையாட்டம், ஒயிலாட்டம், கும்மி முதலிய கலைகளையும் கற்பித்து வரும் அமைப்பு இது. பெண்கள் பறை ஏந்துவது வழக்கில் இல்லாத காலத்தில் இக்குழு பறையை முதன்மைக் கருவியாக்கிற்று. அமெரிக்க இசையியலறிஞர் சோ ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார். பறையின் மீட்சி குறித்த அவருடைய மற்றோர் ஆவணப்படம் 2011இல் வெளிவந்தது.

இக்குழுவினர் பறையைப் பரம்பரைக் கடமையாகப் பெற்றவர் அல்லர். அவர்தம் சமூகத்தில் அக்கடமை ஆண்களுக்கே உரியதாயிருந்தது. எனவே சாதியால் சுமத்தப்பட்ட கருவி, பாலினத்தால் மறுக்கப்பட்ட கருவி என இரண்டாகவும் பறை அவர்முன் நிற்கிறது. சுமத்தப்பட்டதை மறுக்கலாம், மறுக்கப்பட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே செயலில் இரண்டும் நிகழ்வதைத் தமிழகக் கலைவரலாற்றில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண்டல் இயலாது.

உடல்நிலையாக நோக்கினும் இது விளங்கும். கிராமத்துப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டவை எவை? குரல் தாழ்த்தல், கால் ஒடுக்கல், கண் தாழ்த்தல், வீட்டுக்குள் நிற்றல். பறையாட்டம் கேட்பவையோ கால் அகட்டி நிற்றல், துள்ளல், நெஞ்சு நிமிர்த்தல், ஊர்ப்பொது இடத்தில் எல்லார்க்கும் கேட்க ஒலித்தல். கருவியின் எடையைத் தாங்கவே முதுகு நிமிர்ந்தாக வேண்டும். எந்தச் சொற்பொழிவும் தேவையில்லாமல் ஓர் ஆட்டத்திற்குள் அத்தனை விதிகளும் மீறப்பட்டுவிடுகின்றன. மெய்ப்பாடு என்பது மெய்யின்கண் படுவது. உள்ளத்துக் குறிப்பு உடலில் வெளிப்படும் என்பது உரைமரபு. இங்கே அது எதிர்த்திசையிலும் செல்கிறது. உடல் முதலில் நிமிர்கிறது. உள்ளம் பின்னே நிமிர்கிறது. இளம்பூரணர் செயிற்றியனாரை மேற்கோள் காட்டிச் சொல்லும் கருத்தின்படி உய்ப்போன் உணர்வு காண்போர்க்கு எய்துதலே மெய்ப்பாடு. குழுவாட்டத்தில் ஒவ்வொருவரும் உய்ப்போராகவும் அடுத்தவரைக் காண்போராகவும் ஒருங்கே இருக்கின்றனர். தன்னையொத்த இன்னொருத்தி நிமிர்ந்து நிற்பதைக் காண்பது தன் நிமிர்வை உறுதி செய்கிறது. தனித்து அடிக்கும் கலைஞருக்கு இது வாய்க்காது. குழு என்பதன் இன்றியமையாமை இங்கே உள்ளது.

பிற நிலங்கள்

ஒப்பீட்டிற்கு இரு சான்றுகள் போதும். புனே நகரில் கணேச விழாவுக்கு முன் பல வாரங்கள் தோல், தாஷா முரசுக் குழுக்கள் ஆற்றங்கரையிலும் வெளிகளிலும் பயிற்சி செய்கின்றன. மாணவரும் அலுவலகப் பணியாளரும் ஆணும் பெண்ணுமாக ஊதியமின்றிச் சேர்கின்றனர். பெரிய முரசை இடுப்பில் கட்டிப் பல மணிநேரம் ஊர்வலத்தில் நடப்பது கடும் உழைப்பு. அங்கே விளையாட்டும் கூட்டுணர்வும் ஊர்ப்பற்றும் உண்டு. ஆனால் அக்குழுக்களில் சேர்வதற்குப் பலரும் கடக்க வேண்டிய இளிவு ஏதுமில்லை. உவகை நிறைந்த களம் அது.

அமெரிக்காவில் முரசும் ஊதுகருவியும் கொண்டு அணிவகுக்கும் இளையோர் குழுக்களில் 22 வயதோடு பங்கேற்பு முடிகிறது. அதன்பின்னும் விட மனமில்லாதோர்க்கென எல்லா வயதினரும் சேரத்தக்க குழுக்கள் தனியே உள்ளன. அங்கு வளர்ந்தவர் கடப்பது வயது என்னும் வேலியை. நம்மூரில் கடக்கப்படுவது சாதி என்னும் வேலி. முன்னதைக் கடந்தவர் இளமையை மீளப் பெறுகிறார். பின்னதைக் கடந்தவர் ஒருபோதும் தமக்குத் தரப்படாத ஒன்றைப் பெறுகிறார்.

தோலும் தீயும்

மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இசைமை என்னும் களன் பரம்பரைக் கலைஞர்க்கும் திறந்ததன் அடையாளம் அது. கோவை, சென்னை முதலிய நகரங்களில் பல சாதியினரும் பறை கற்கின்றனர். கடல் கடந்து வாழும் தமிழர் தம் விழாக்களில் பறையைத் தமிழடையாளமாக ஏந்துகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் இங்கு ஒரு நுண்ணிய இழப்பு நேர்வதையும் சுட்ட வேண்டும்.

இன்று செயற்கை இழைப் பரப்புடைய பறைகள் பெருகிவிட்டன. எடை குறைவு, மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை, காய்ச்ச வேண்டியதுமில்லை. பயிற்சிக்கு அவை வசதியானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பறையடித்தவர் மேல் சுமத்தப்பட்ட இழிவுக்கு அடையாளமாக நின்றது அந்தத் தோல்தான். இறந்த கன்றின் தோலைத் தொடாமல், அதனைப் பதப்படுத்துபவரையும் பசை ஒட்டிக் கட்டுபவரையும் அறியாமல், பறையின் களிப்பை மட்டும் பெற இன்று வழியுண்டு. அவ்வாறு பெறுபவரின் மகிழ்ச்சி பொய்யன்று. தொல்காப்பியர் வகுத்த உவகைக்குள் அது அடங்கும். அதனைப் பெருமிதம் என அழைக்கலாமா என்பதே கேள்வி. கடக்க வேண்டிய இளிவு தமக்கு இல்லாதவர், இளிவைக் கடந்தவரின் பெருமிதத்தைத் தமதாகச் சொல்லிக்கொள்வதில் நெருடல் உள்ளது.

மாறாக, தோற்பறை ஏந்தும் குழுக்களில் ஆட்டத்திற்கு முந்தைய அரைமணி நேரம் பயனுள்ளது. சருகு கூட்டித் தீமூட்டி, வட்டமாகக் குந்தியிருந்து, பறையைத் தீயின் மேல் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் சற்றுக் காயட்டும் என்று காத்திருக்கின்றனர். மேடையில் ஆடுவோருள் யார் எந்தத் தெருவினர் என்பது அப்போது தெரிந்துவிடுகிறது. அருகருகே அமர்ந்து ஒருவர் பறையை மற்றவர் வாங்கிக் காய்ச்சுவதும் அப்போதுதான் நிகழ்கிறது. குழு ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆட்டத்தையே பதிவு செய்கின்றனர். இனிவரும் களஆய்வுகள் அந்த அரைமணி நேரத்தையும் பதிவு செய்தல் வேண்டும்: தீயை மூட்டுபவர் யார், தோலைத் தட்டிப் பார்த்துப் போதும் என்று சொல்பவர் யார், சொன்னதைக் கேட்டு எழுபவர் யார் என்று.